சாவி பெங்களூரில் இருக்கிறது

என் அக்கா மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள். கம்பெனி பெயர் வேண்டாம். அவள் பெயரும் வேண்டாம், வேலை போய்விடும். திருமுல்லைவாயலில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, சாரி சாரியாக எஸ்டேட்டுக்குள் நடந்து போகும் கூட்டத்தில் ஒருத்தி. பி.காம். படித்தவள். நானும் பி.காம். என்ற ஆர்வக்கோளாறில் அவளை அதில் சேர்த்துவிட்டது நான்தான். அந்தப் பாவம் இன்னும் என்னைத் துரத்துகிறது.

சில மாதங்களுக்கு முன், ஒரு 20-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன்.

"மாமா, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது எஸ்டேட் பக்கம் இருக்காங்களா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"இன்னிக்கு ஜி.எஸ்.டி. த்ரீ-பி கடைசி நாள். எம்சைனர் புதுசு போடச் சொல்லுது. போடப் போனா அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேக்குது. ஐ.டி. ஆளுங்க பெங்களூர்ல இருக்காங்க. காலையில பத்தே முக்காலுக்கே டிக்கெட் போட்டேன். இன்னும் ஒரு பதிலும் வரல."

ஜி.எஸ்.டி. கட்டிப் பழக்கமில்லாத புண்ணியவான்களுக்கு ஒரு விளக்கம். பெரும்பாலான கம்பெனிகள் மாதம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரியைத் தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து போட வேண்டும். பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் இருக்கும். அதைச் செருகி, ரகசிய எண் கொடுத்தால் கையெழுத்து விழும். அந்த டோக்கனையும் அரசாங்க வெப்சைட்டையும் பேச வைக்கிற தரகர்தான் எம்சைனர். தரகருக்கு அவ்வப்போது புதுச் சட்டை மாட்ட வேண்டும். மாட்டும் உரிமை என் அக்கா மகளுக்கு இல்லை.

ஏழு மணிக்கு பெங்களூரிலிருந்து பதில் வந்தது. என்ன பதில்? 'உங்கள் மேனேஜரின் அப்ரூவல் தேவை.' மேனேஜர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே விஷயத்தைக் கேட்டவர், "இதுக்கா இவ்ளோ அலட்டல்? என் பாஸ்வேர்டையே போட்டுக்கம்மா, எனக்கு எல்லா ரைட்ஸும் இருக்கு" என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். போட்டாள். எம்சைனர் ஏறியது. ஒன்பதே காலுக்குத் தாக்கல் முடிந்தது. கம்பெனியின் மானம் தப்பியது.

பத்து நாள் கழித்து ஆடிட். மேனேஜர் ஊரில் இல்லாத நாளில் அவருடைய பாஸ்வேர்டு இவளுடைய கம்ப்யூட்டரில் விழுந்திருப்பது பதிவேட்டில் தெரிந்தது. மெமோ வந்தது. யாருக்கு? பாஸ்வேர்டு கொடுத்தவருக்கா, எட்டு மணி நேரம் டிக்கெட்டை ஊறப்போட்டவருக்கா? மாதம் பதினெட்டாயிரம் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு!

'அனுமதியின்றிப் பிறர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

இதில் உச்சக்கட்டக் காமெடி ஒன்று இருக்கிறது. அந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யாருடையது? கம்பெனி டைரக்டருடையது. எங்கே இருக்கிறது? இவள் மேஜை டிராயரில். ரகசிய எண்ணும் இவளுக்குத் தெரியும். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கு, பேனா பிடித்துப் போட்ட கையெழுத்தின் மதிப்பு உண்டு. அதை இன்னொருவரிடம் கொடுத்து வைப்பதே தப்பு. ஆனால் ஊரில் பாதி கம்பெனிகளில் இதுதான் நடைமுறை. முதலாளியின் கையெழுத்தையே நம்பி ஒப்படைக்கலாம். கையெழுத்து போட உதவும் ஒரு குட்டி சாஃப்ட்வேரை நிறுவ மட்டும் அவளை நம்ப முடியாது!

*

அவசரப்பட்டு என்னைப் பூட்டுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பூட்டு வேண்டும்.

2003 வாக்கில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு 20 ரூபாய். தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்கி, கட்டுரை அடிப்பேன். மறுநாள் போனால் எழுத்துரு இருக்காது. கடைக்காரர் 'டீப் ஃப்ரீஸ்' என்று ஒன்று போட்டு வைத்திருந்தார். நீங்கள் என்ன கூத்தடித்தாலும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் செய்தது சரி. நாள் முழுக்க ஐம்பது பேர் வந்து போகிற இடத்தில் வேறு வழி கிடையாது.

விண்டோஸ் 95, 98 காலத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர் எல்லாம் ராஜா. 2001-ல் வந்த எக்ஸ்.பி.யிலும் வீட்டில் முதலில் உருவாக்கும் கணக்குக்கு சகல அதிகாரமும் உண்டு. வைரஸ்களுக்கு அது பொற்காலம். 2007-ல் விஸ்டா வந்தபோதுதான், 'இதைச் செய்யட்டுமா?' என்று குறுக்கே கேட்கும் பழக்கமே வந்தது.

ஆவடிக்குப் போங்கள். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. நம் ராணுவத்தின் டாங்கிகள் தயாராகிற இடம். அங்கே வரைபடம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பென் டிரைவ் செருகலாம் என்றால் நாமே ஒத்துக்கொள்ள மாட்டோம். அம்பத்தூரில் அமெரிக்கக்காரரின் கிரெடிட் கார்டு கணக்கு பார்க்கிற பி.பி.ஓ.வில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு.

கூடங்குளம் நினைவிருக்கிறதா? 2019 செப்டம்பர் 4-ம் தேதியே அங்கே ஒரு கம்ப்யூட்டரில் விஷம் புகுந்திருப்பதாக மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் சொல்லிவிட்டது. அக்டோபர் 29-ம் தேதி, தவறான தகவல் பரவுகிறது என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, ஆமாம், நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தன, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. எதைப் பூட்ட வேண்டும், எவ்வளவு பூட்ட வேண்டும் என்று யோசித்துப் பிரித்தால் என்ன பலன் என்பதற்கு இதுவே பாடம்.

ஆக, என் சண்டை பூட்டோடு இல்லை. பூட்டிவிட்டுச் சாவியோடு பெங்களூருக்குப் போய்விடுகிறவர்களோடு.

*

இந்தப் பூட்டு சாஸ்திரத்துக்கு ஒரு மூல நூல் உண்டு. 1975-ல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை. இருவரும் எம்.ஐ.டி.காரர்கள். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்க எம்.ஐ.டி. கம்ப்யூட்டரில் இருப்பதைப் பாதுகாக்க எட்டு விதிகள் சொன்னார்கள். அதில் ஆறாவது, 'ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டும் கொடு.' ஐ.டி. டிபார்ட்மென்ட்காரர்கள் காயத்ரி மந்திரம் மாதிரி ஓதுவது இதைத்தான்.

எட்டாவது விதியை யாரும் ஓதுவதில்லை. பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் சுலபமாகப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் அதைத் தினமும் சரியாகப் பின்பற்றுவார்கள் என்பது அதன் சாரம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்மவர்கள் ஆறாவதோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

அந்த ஆறாவதையாவது ஒழுங்காகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. 'வேலைக்குத் தேவையான அளவு' என்றுதான் இருக்கிறது. 'பதவிக்குத் தகுந்த அளவு' என்று இல்லை. என் அக்கா மகளின் மேனேஜர் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார்? மெயில் பார்க்கிறார், எக்ஸெல் திறக்கிறார், பவர்பாயின்ட் காட்டுகிறார். இதற்கு எதற்கு அட்மின் உரிமை? அந்த உரிமையோடு லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ராத்திரி அவர் பையன் அதில் கேம்ஸ் இறக்கி விளையாடுகிறான். விதிப்படி பார்த்தால் முதலில் பூட்ட வேண்டியது மேனேஜரைத்தான். ஆனால் அவரிடம் போய் 'சார், உங்க ரைட்ஸை எடுத்துடறோம்' என்று சொல்லும் தைரியம் எந்த ஐ.டி.காரருக்கு இருக்கிறது? பெரிய நாற்காலி, கார் பார்க்கிங், தனி பாத்ரூம் வரிசையில் அட்மின் பாஸ்வேர்டும் ஒரு கௌரவச் சின்னம் ஆகிவிட்டது.

சரி, சாவி வைத்திருப்பவர்களாவது தங்கள் வேலையைச் செய்கிறார்களா? 2017 மே 12-ம் தேதி 'வான்னக்ரை' என்ற வைரஸ் உலகத்தைக் கலக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். பூந்தமல்லி தாண்டிப் போனால் வரும் ஓரகடத்தில் ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை வரைக்கும் அதன் பாதிப்பு வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் தையலை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இரண்டு மாதமாக யாரும் தைக்கவில்லை. எந்த குமாஸ்தாவும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. நெட்வொர்க் வழியாக அதுவே ஊர்ந்து போனது. குமாஸ்தா தைக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. ஊசி அவர் கையில் இல்லையே!

*

ரிப்போர்ட்டராக இருந்தபோது எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பவர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருப்பதால் விரல் தப்பும். அருமையான ஏற்பாடு. நான் பார்த்த மெஷினில் ஒரு பட்டனை மரச்சக்கை வைத்து அடைத்திருந்தார்கள்.

"ஏங்க இப்படி?" என்றேன்.

"ஷிப்டுக்கு இத்தனை பீஸுன்னு கணக்கு வெச்சிருக்காங்க சார். ரெண்டு கையாலயும் அமுக்கிட்டிருந்தா அந்தக் கணக்கு வராது."

சூபர்வைசர் தினமும் அந்தச் சக்கையைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. என்றைக்காவது விரல் போனால் விசாரணை வரும். அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள்.

கம்ப்யூட்டரிலும் கதை இதுவேதான். வேலை முடிய வேண்டும், ஆனால் பூட்டு திறக்காது என்றால் மனிதர்கள் சக்கை தேடுவார்கள். கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டு சீட்டு. ஆபீஸ் ஃபைலை சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, வீட்டுக் கம்ப்யூட்டரில் திறப்பது. கஸ்டமர் லிஸ்ட்டை வாட்ஸப்பில் தட்டிவிடுவது. பி.டி.எஃப்.பை வேர்டு ஆக்க, ஊர் பேர் தெரியாத வெப்சைட்டில் சம்பளப் பட்டியலை ஏற்றுவது. மேலிடத்துக்கு இதெல்லாம் தெரியும். வேலை நடக்கிற வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஆடிட் வந்தால் மட்டும் கவனக்குறைவு!

சக்கை பெரிசானால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரி 14-ம் தேதி பஞ்சாப் நேஷனல் வங்கி தன் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி என்று அறிவித்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதம் அனுப்பும் 'ஸ்விஃப்ட்' என்ற ஏற்பாடும், வங்கியின் சொந்தக் கணக்குப் புத்தகமான கோர் பேங்கிங்கும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. இங்கே அனுப்பியது அங்கே எழுதப்படாமலே போனது. இப்படித் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பிருக்கிறது என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்தோம் என்று ரிசர்வ் வங்கி பின்னால் சொன்னது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற கிளார்க்குக்கு நூறு கட்டுப்பாடு. கொல்லைப்புறத்தில் கதவே கிடையாது.

*

'குறை சொல்வது சுலபம், வழி சொல்லுய்யா' என்பீர்கள். வழி எங்கள் பி.காம். முதல் வருஷப் புத்தகத்திலேயே இருக்கிறது.

'இம்ப்ரெஸ்ட் சிஸ்டம்' என்று ஒரு பாடம். ஆபீஸில் டீ, ஆட்டோ, கூரியர் என்று சில்லறைச் செலவுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முதலாளியிடம் செக் வாங்கப் போக முடியாது. அதற்காகப் பெட்டியைத் திறந்தும் வைக்க முடியாது. எனவே சில்லறைக் காசாளர் ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து வைப்பார்கள். ஐயாயிரம் என்று வையுங்கள். அவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் வேண்டும். வாரக் கடைசியில் வவுச்சரைக் காட்டினால், செலவான தொகையை மட்டும் மறுபடி நிரப்புவார்கள். பெட்டியில் இருக்கும் காசும் வவுச்சரும் சேர்ந்து எப்போதும் ஐயாயிரம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அவர்தான் பொறுப்பு.

எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்! நம்பிக்கைக்கு ஒரு அளவு, அந்த அளவுக்குள் சுதந்திரம், சுதந்திரத்துக்குக் கணக்கு. எந்த ஆடிட்டரும் இதைக் குறை சொன்னதில்லை. டீ வாங்க பெங்களூருக்கு டிக்கெட் போடச் சொன்னதும் இல்லை.

கம்ப்யூட்டருக்கும் இதையே செய்யலாம். முதலாவது, வேலைக்கு வேண்டிய சாஃப்ட்வேர்களைச் சரிபார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியலில் இருப்பதை ஊழியரே அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் நிறுவிக்கொள்ளட்டும். எம்சைனர், பி.எஃப்., வருமான வரி சம்பந்தப்பட்டவை, தமிழ் கீபோர்டு எல்லாம் அதில் இருக்கட்டும். பெரிய கம்பெனிகளில் இதற்கு ரொம்ப நாளாக வசதி இருக்கிறது.

இரண்டாவது, பட்டியலில் இல்லாத அவசரத்துக்கு அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு பாஸ்வேர்டைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அது மாறிவிட வேண்டும். யார், எப்போது வாங்கினார் என்று பதிவாக வேண்டும். அதுதான் வவுச்சர். இது கற்பனை இல்லை. 'லாப்ஸ்' என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் 2015-லேயே கொடுத்தது. 2023 ஏப்ரலிலிருந்து அலுவலகங்களுக்கான விண்டோஸுக்கு உள்ளேயே வைத்துவிட்டது. இன்னமும் நூறு கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஆபீஸ்கள் உண்டு. அவர்கள்தான் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

மூன்றாவது, இது டெக்னாலஜியே இல்லை. போனை எடுக்க ஒரு மனிதர் வேண்டும். 20-ம் தேதி ஜி.எஸ்.டி. கடைசி நாள் என்பது எஸ்டேட் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை ஒருவர் இருக்கட்டும். எட்டு மணி நேரம் பதில் சொல்லாதவருக்கும் ஒரு மெமோ அடிக்கிற வழக்கம் வரட்டும். 'டிக்கெட்' என்று பெயர் வைத்துவிட்டு வண்டியே விடாமல் இருந்தால் எப்படி?

*

ஊழியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேனேஜரே கொடுத்தாலும் அடுத்தவர் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். என் அக்கா மகள் செய்தது தப்புதான், அவளிடமே சொன்னேன். பதிவேட்டில் தெரிவது யார் கம்ப்யூட்டர், எத்தனை மணி என்பது மட்டும்தான். கல்யாண ரிசப்ஷன் நாதஸ்வரம் அதில் கேட்காது. 'இன்று கடைசி நாள், திறக்காவிட்டால் இவ்வளவு அபராதம்' என்று எழுத்தில் அனுப்புங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நஷ்டம் வந்தால் பூட்டியவர் கணக்கில் எழுதட்டும்.

மெமோவுக்குப் பதில் எழுத அவள் வீட்டுக்கு வந்தாள். மூன்று விஷயங்கள் எழுதச் சொன்னேன். ஒன்று, டிக்கெட் போட்ட நேரம். இரண்டு, ஏழு மணிக்கு வந்த பதில். மூன்று, மேனேஜர் பாஸ்வேர்டு அனுப்பிய வாட்ஸப் செய்தியின் படம்.

முதல் இரண்டையும் எழுதினாள். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

"இது வேணாம் மாமா. நாளைக்கும் அவருக்குக் கீழதானே வேலை பாக்கணும்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. 'இனிமேல் இவ்வாறு நடக்காது' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த மெமோ அவள் ஃபைலில் இருக்கிறது. அடுத்த இன்க்ரிமென்ட் சமயத்தில் யாராவது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

இப்போதெல்லாம் மாதம் 12-ம் தேதியே டிக்கெட் போட்டுவிடுகிறாளாம். எம்சைனர் மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி. மேனேஜரின் உரிமைகள் அப்படியே இருக்கின்றன. டைரக்டரின் டோக்கன் இன்னமும் அவள் டிராயரில்தான்.

முதலாளிமார்களே, பூட்டுங்கள். தாராளமாகப் பூட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் சில்லறைக் காசாளரைக் கூப்பிட்டு, நம்பிக்கையை எப்படி அளந்து கொடுப்பது என்று ஐந்து நிமிஷம் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூருக்குப் போன் போட வேண்டியதில்லை. அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.